இறக்கத்தில் அப்பா நின்ற இடம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். முதலில் நல்ல சேதி, நேற்று நம் தெரு இறக்கத்தில் சைக்கிளை விட்டு இறங்காமலே கீழே வரைக்கும் ஓட்டிவிட்டேன். படிப்பதை நிறுத்திவிட்டுப் போனை எடுக்காதே, முழுவதும் படி.

நான் விழுந்தபோது தோள் எலும்பு முறிந்ததையும் நெற்றியில் தையல் போட்டதையும்தான் உனக்குச் சொன்னோம், ஏன் விழுந்தேன் என்று சொல்லவில்லை. என் தையல் மிஷினுக்கு எண்ணெய் விடும் வேலையை அப்பா யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார், தெரியுமே. அன்றைக்கு மீந்த எண்ணெயை வீணாக்குவானேன் என்று, என் சிக்கனம் அவருக்கும் தொற்றிவிட்டது, என் சைக்கிள் முழுவதையும் துடைத்திருக்கிறார், பிரேக் கட்டை பிடிக்கிற சக்கர விளிம்பு உட்பட. இறக்கத்தில் பிரேக்கைப் பிடிக்கப் பிடிக்க வழுக்கியது, கடைசியில் பேக்கரிச் சுவர்தான் என்னை நிறுத்தியது. எலும்பு சேர்ந்துவிட்டது, தைரியம்தான் சேரவில்லை. இறக்கத்தைப் பார்த்தாலே இறங்கித் தள்ளிக்கொண்டே போவேன். பேக்கரிக்காரர், என்னக்கா, சைக்கிளுக்கு நடக்கச் சொல்லிக் குடுக்கறீங்களா என்பார். அன்று என்னைத் தூக்கி மாவு மூட்டைமேல் உட்கார வைத்த புண்ணியவான், தினமும் அவருக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்கிறேன். என்னைவிட அப்பா மோசம். என் கை பட்டாலே வெளங்காது, கடையில குடு என்று சைக்கிளைத் தொடாமலே இருந்தார், மிஷினுக்கும் எண்ணெய் விடாமல் அது கதறிக்கொண்டிருந்தது. கடையில் பிரேக்கை மாற்றிக் கொடுத்தும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

நேற்று காலை வேண்டிவிட்டு எழுந்ததும் ஒன்று தோன்றியது. சைக்கிளை அவர் முன்னால் நிறுத்தி, ஏங்க, பிரேக்கை நீங்க சரி பார்த்தாத்தான் ஏறுவேன், இல்லேன்னா வித்துடுங்க என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தவர், எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். விளிம்பைக் காய்ந்த துணியால் துடைத்துத் துணியை முகர்ந்து பார்த்தார், திருகாணியை முறுக்கினார். பிறகு எனக்கு முன்னால் இறங்கிப் போய் நடுத்தெருவில் இரண்டு கையையும் விரித்து, அறுத்துக்கொண்டு ஓடும் மாட்டை மறிப்பவர் மாதிரி நின்றார். விட்டு விட்டுப் பிரேக் பிடித்தேன், கண்ணை அவர் சட்டையிலேயே வைத்திருந்தேன். பேக்கரிச் சுவர் வந்தது, போனது. பயம் கூடவே வந்தது, ஆனால் பிரேக் சொன்னபடி கேட்டது. அவர் செருப்புக்கு முன்னால் சக்கரம் நின்றது. மணி அடிச்சா என்னவாம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஹேண்டில்பாரைப் பிடித்தவர் வீடு வரைக்கும் விடவில்லை, ஏற்றத்தில் அவரே தள்ளிக்கொண்டு வந்தார். சாயங்காலம் தைக்க உட்கார்ந்தேன், மிஷின் சத்தமே இல்லாமல் ஓடியது.

கேட்டதை ஒரு பக்கமும் கொடுத்ததை ஒரு பக்கமும் எழுதிப் பார்த்தால் கடவுள்தான் எனக்குக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். நீ அனுப்பிய ஹெல்மெட்டைத்தான் போட்டிருந்தேன், கவலைப்படாதே. கண் விழித்து வேலை பார்க்காதே, நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மறக்காதே, அப்பாவிடம் பேசும்போது எண்ணெய்ப் பேச்சை எடுக்காதே. அம்மா சைக்கிள்ல பிரேக் எப்படிப் பிடிக்குதுப்பா என்று கேள், போதும்.

இப்படிக்கு,
இறங்காமல் இறங்கி வந்த
உன் அம்மா