ஒரே கட்டில், இரண்டு டியூட்டி

மார்ச் 3, காலை

கட்டில் பங்காளிக்கு,

வணக்கம். இந்த அறைக்கு நான் வந்து பத்து நாளாகிறது. நீங்கள் குழந்தைகள் வார்டில் இரவு டியூட்டி, நான் அறுவை சிகிச்சை வார்டில் பகல் டியூட்டி. காலையில் நான் கிளம்பிய பிறகு வருகிறீர்கள். மாலையில் நான் வருவதற்குள் போய்விடுகிறீர்கள். லீவு நாளில் நான் அம்மா வீட்டுக்கு, நீங்கள் உங்கள் தங்கை வீட்டுக்கு. ஒரே கட்டிலில் படுக்கிறோம், முகம்தான் தெரியாது.

சீப்பில் ஒரு நரைமுடி பார்த்தேன். எனக்கு இன்னும் நரைக்கவில்லை. எனவே உங்களை அக்கா என்று கூப்பிட முடிவு செய்துவிட்டேன்.

வார்டை ஒப்படைப்பதுபோல அறையையும் ஒப்படைக்கிறேன். குழாய் சொட்டுகிறது, வாளி வைத்திருக்கிறேன். தலையணையின் நிலைமை சீராக உள்ளது. ஒரு சந்தேகம்: நேற்று பால் பாக்கெட் துணி அலமாரியிலும் உங்கள் சாவிக்கொத்து ஃபிரிட்ஜிலும் இருந்தன. உடம்பு சரியில்லையா?

உங்கள் பங்காளி


மார்ச் 4, மாலை

வாயாடித் தங்கைக்கு,

நரைமுடி என்னுடையதுதான். ஒன்றே ஒன்று என்பதையும் குறித்துக்கொள்.

காலையில் எதை எங்கே வைக்கிறேன் என்று எனக்கே தெரிவதில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பத்து மணிக்கு வாய்ப்பாடு ஆரம்பித்துவிடுகிறது. பதினாறாம் வாய்ப்பாடு இப்போது எனக்குத் தலைகீழ்ப் பாடம். நேற்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் இருமினார். அரைத் தூக்கத்தில் அவர் முதுகைத் தட்டி, "துப்பிடு கண்ணா, துப்பிடு" என்றேன். பெரிய மீசைக்காரர். பாவம், அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

பிரசவ லீவில் போன பெண்ணுக்குப் பதிலாக ஒரு மாதம் இரவு டியூட்டி என்றுதான் ஒப்புக்கொண்டேன். இது நான்காவது மாதம். கேட்டால் மாற்றுவார்கள். ஆனால் அது இன்னொருத்தி தலையில் விழும். இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்புடன், அக்கா


மார்ச் 7, காலை

அக்காவுக்கு,

நேற்று மதியம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். "பக்கத்து மாடியில ஒரு நர்ஸ் தூங்குறாங்க டீச்சர். வாய்ப்பாட்ட அந்தப் பக்க வகுப்புல வச்சுக்கலாமா?" என்று கேட்டேன். "எத்தன மணியிலேருந்து எத்தன மணி வரைக்கும்?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். தங்கமான மனுஷி. ஜன்னலுக்குப் போர்வையைத் திரையாகக் கட்டியிருக்கிறேன். இனி தூங்காவிட்டால் நீங்களே பொறுப்பு.

பங்காளி


மார்ச் 12, மாலை

தங்கைக்கு,

பள்ளிக்கூடம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் படுத்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தூக்கத்துக்கு வழியே மறந்துபோய்விட்டது.

இன்று விடியற்காலை ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கொண்டுபோனேன். அதன் அம்மா, "இப்பதான சிஸ்டர் குடுத்துட்டுப் போனீங்க" என்றாள். மருந்துத் தாளைப் பார்த்தேன். பத்து நிமிஷத்துக்கு முன்னால் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. நடந்ததைப் பதிவேட்டில் நானே எழுதி வைத்தேன். ஆனால் என் கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை.

பன்னிரண்டு வருஷமாக எனக்குப் பிடித்த ஒரே வேலை இது. இந்தக் கையை இனி நான் நம்ப மாட்டேன். ராஜினாமாக் கடிதத்தைத் திங்கட்கிழமை கொடுக்கப்போகிறேன்.

அக்கா


மார்ச் 14, காலை

அக்காவுக்கு,

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்களா? உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். நேற்று நர்ஸிங் சூப்பிரண்டைப் பார்த்தேன்.

"நாலு மாசமா? யாரு சொன்னா?" என்றார். டியூட்டி அட்டவணைகளை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். போன மாதத் தாளைப் பார்த்தே அடுத்த மாதத்தை எழுதியிருக்கிறார். மாதத்தின் பெயர்தான் மாறியிருக்கிறது, உங்கள் பெயர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அவ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார். "இன்னொருத்தி தலையில விழுமேன்னு சொல்லல மேடம்" என்றேன். "யாரு தலையிலயும் மொத்தமா விழ வேணாம். வார்டுல ஏழு பேரு இருக்காங்க, ஆளுக்கு நாலஞ்சு ராத்திரி வந்தா முடிஞ்சுபோச்சு" என்றார். இந்தக் கணக்குக்கு நான்கு மாதம் ஆகியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உங்களுக்குப் பத்து நாள் லீவு. பிறகு பகல் டியூட்டி. திட்டுவதானால் நேரில் திட்டுங்கள். ஞாயிறு மாலை சினிமாவுக்கு இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டேன். அறைக்குள் உங்களைத் தவிர இன்னொருத்தி நுழைந்தால் அது நான்தான்.

பங்காளி


மார்ச் 14, மாலை

அதிகப்பிரசங்கித் தங்கைக்கு,

யாரைக் கேட்டு அங்கே போனாய்? படித்ததும் அப்படிக் கோபம் வந்தது. பிறகு கட்டிலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதேன். அழுது முடித்தபோது லேசாக இருந்தது. பத்து நாள் பார்க்கிறேன். அதற்குள் தூக்கம் வராவிட்டால் அந்தக் கடிதத்தை நீ தடுக்கக்கூடாது.

சினிமாவுக்கு வருகிறேன். தாமதமாக வந்தால் இருக்கிறது உனக்கு.

அக்கா


மார்ச் 16, மாலை ஏழு மணி

அக்கா,

ஓடோடி வந்தேன். நீங்கள் நல்ல உடை உடுத்தி, தலைவாரி, செருப்புகூட மாட்டிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்தவாக்கில் சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருக்கிறீர்கள்.

எழுப்பக் கையை நீட்டினேன். பிறகு மடக்கிக்கொண்டேன். செருப்பைக் கழற்றிப் படுக்க வைத்தபோது, "ஏழாம் நம்பர் பெட் தூங்கிட்டானா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டீர்கள். "எல்லாரும் தூங்கியாச்சு சிஸ்டர், நீங்களும் தூங்குங்க" என்றேன். சொன்னபடி கேட்டீர்கள்.

நீங்கள் இவ்வளவு அழகாக இருப்பீர்கள் என்று நினைக்கவில்லை. குறட்டையும் இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. சினிமா கிடக்கிறது. நாளை எனக்கும் லீவு. கீழே போர்வை விரித்துப் படுக்கிறேன்.

பங்காளி


மார்ச் 17, காலை ஒன்பதரை மணி

என் தங்கைக்கு,

பதினான்கு மணி நேரம் தூங்கியிருக்கிறேன். நம்பாமல் உன் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தேன். கண் விழித்ததும் கையை நீட்டிப் பார்த்தேன், நடுங்கவில்லை. பசிக்கிறது அம்மா. எத்தனை மாதத்துக்குப் பிறகு பசிக்கிறது.

நீ கட்டிலுக்கடியில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு, வாயைத் திறந்துபோட்டுத் தூங்குகிறாய். இந்தச் சின்ன முகத்துக்குள்ளா அவ்வளவு வாய் இருந்தது? மூன்று முறை கூப்பிட நினைத்தேன். மனசு வரவில்லை. நேற்று உனக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

இதற்குப் பதில் எழுதாதே. பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்ததும் வாயால் சொல்.

அக்கா