டெய்லர் அக்காவின் ட்ரையல் துணி

மார்ச் 3, செவ்வாய்

போட்டி ஆரம்பித்துப் பதினொரு நாள் ஆகிவிட்டது. இன்று நான் படம் எடுத்தவை: ஜன்னல் கம்பியின் நிழல், பாத்திரம் தேய்க்கிற நார், குளியலறைத் தரை, அண்ணனின் செருப்பு அடிப்பாகம். ஒன்றும் தேறவில்லை. செருப்பு கொஞ்சம் தேறியிருக்கும். பாதி வேலையில் அண்ணன் அதைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டான். கலை தெரியாத ஜென்மம்.

தலைவி என்ன சொன்னார்? (என் தலைவிக்குக் கட்சி கிடையாது, சேனல்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அவர்தான் தலைவி.) "டிசைனைத் தேடி எங்கேயும் போகாதீங்க, அது உங்க அடுப்படியிலேயே இருக்கு." அந்த வீடியோவை ஒன்பது முறை பார்த்துவிட்டேன். தினமும் புழங்குகிற பொருளிலிருந்து ஒரு டிசைன் எடுத்துப் போட வேண்டும். அதில் பத்துப் பேரை இறுதிச் சுற்றுக்கு எடுப்பார்கள். ஜெயித்தவரின் டிசைனை ஆயிரம் துணிப்பைகளில் அச்சடிப்பார்கள். 31-ஆம் தேதி முடிவு.

ஆயிரம் பைகள்! ஆயிரம் பேர் என் டிசைன் போட்ட பையில் வெங்காயம் வாங்கிப் போவார்கள்!

அம்மாவிடம் சொன்னேன். "அடுப்படியிலதான இருக்கு? வந்து துடை, கிடைக்கும்" என்றாள்.

மார்ச் 5

கரண்டியைத் தேடி அம்மா வீட்டையே புரட்டிவிட்டாள். அது என் மேஜையில் வெள்ளைத் தாள்மேல் போஸ் கொடுத்துக்கொண்டிருந்தது. வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மார்ச் 7, சனி

கிடைச்சிருச்சு!!!

அண்ணனின் பேன்ட்டை இரண்டு விரல் குட்டையாக்கச் சொல்லி அம்மா என்னைத் தெருமுனை டெய்லர் அக்கா கடைக்கு அனுப்பினாள். ஒரு மெஷின், ஒரு இஸ்திரி மேஜை, கிரீச்சிடும் ஒரு மின்விசிறி, அக்கா. அவ்வளவுதான் கடை. என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே தெருக்கதை மொத்தமும் பேசுவார்.

மெஷின் ஊசிக்குக் கீழே ஒரு காக்கித் துண்டு கிடந்தது. சாண் அகலம், முழ நீளம். அதன்மேல்... ஐயோ, எப்படி எழுதுவது? ஒரு நீலக் கோடு. அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு சிவப்பு. மூன்று அங்குலம் ஓடிவிட்டு, மனசு மாறித் திரும்பி வருகிற மஞ்சள். ஓரத்தில் குட்டிக் குட்டி வளையங்களாகப் பச்சை. எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

"அக்கா, இது என்ன?"

"எது? ஓ, அதா. ட்ரையல் துணி. நூல் மாத்தினா, ஊசி மாத்தினா, முதல்ல அதுல ஓட்டிப் பாத்துட்டுத்தான் கஸ்டமர் துணியில கை வைப்பேன்."

"யார் டிசைன் பண்ணது?"

அக்கா வாயிலிருந்து குண்டூசியை எடுத்தார். அப்படி எடுத்து நான் பார்த்ததே இல்லை. "உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையாடி?"

"எனக்குத் தர்றீங்களா?"

"குப்பைக்குப் போறதுதான், கொண்டு போ. வேற துண்டு போட்டுக்கறேன்."

பறந்து வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, பேன்ட்டையும் கையோடு திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

மார்ச் 9

ஸ்கேன் செய்வது சுலபம். டிசைன் கட்டம் கட்டமாகத் திரும்பத் திரும்ப வர வேண்டும்; ஒரு கட்டம் பக்கத்துக் கட்டத்தோடு சேர்கிற இடம்தான் உயிரை வாங்கியது. மஞ்சள் கோடு ஒவ்வொரு தடவையும் அந்தரத்தில் அறுந்து தொங்கியது. எனக்குப் புரியாத ஏதோ ஒரு மொழியில் ஒருவர் சொல்லிக்கொடுத்த வீடியோவைப் பார்த்து, அவர் கையை மட்டும் கவனித்துக் கற்றுக்கொண்டேன். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

போட்டாச்சு. தலைவி எப்போதும் சொல்வார்: "எங்கேருந்து எடுத்தீங்கன்னு சொல்லுங்க, அதுதான் மரியாதை." அதனால் கடை போர்டையும் பளிச்சென்று படம் எடுத்து, டிசைனுக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டேன். கடைப் பெயர், போன் நம்பர், எல்லாம் தெரிகிறது. அக்காவிடம் சொல்லவில்லை. திடீரென்று தெரிந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார்!

அண்ணன் எட்டிப் பார்த்தான். "இந்தக் கிறுக்கலுக்கா என் பேன்ட் இன்னும் தரையைக் கூட்டுது?"

மார்ச் 14, சனி

பத்தில் ஒன்று! நான்! நான்தான்!

தலைவி நேரலையில் என் டிசைனைக் காட்டினார். விரலால் அந்தப் பச்சை வளையங்களைத் தொட்டு, "இதுல ஒரு தயக்கம் இருக்கு பாருங்க. ஏதோ சொல்ல வந்து சொல்லாம விட்ட மாதிரி" என்றார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அம்மா ஓடிவந்தாள். "என்னடி, யாரு போயிட்டாங்க?"

மார்ச் 15, ஞாயிறு

காலையில் பின்னூட்டம் எல்லாம் "கவிதை", "என்ன ஒரு மௌனம்".

மத்தியானம் யாரோ தையல்காரர்கள் குழு ஒன்றில் பகிர்ந்துவிட்டார்கள்.

"கீழ்நூல் லூசு. அந்த நூல் சுத்தின பாபின் இருக்குல்ல, அதோட கேஸ் திருகாணியை அரை சுத்து முறுக்குங்க."

"தயக்கம் இல்ல மேடம், நூல் டென்ஷன் கோளாறு."

"இந்தக் கடையில சட்டை தைச்சா, கை முதல்ல வீட்டுக்கு வரும், சட்டை பின்னால வரும்."

போர்டைப் பெரிதாக்கி, வட்டம் போட்டு, அம்புக்குறி வைத்து... நானூறு சிரிப்பு.

முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தேடிப் படித்தேன். கீழ்நூல் தளர்ந்தால் இப்படித்தான் வளையம் வளையமாக விழுமாம். அப்போ நேத்து நான் அழுதது எதுக்கு? ஒரு திருகாணிக்கா?

மார்ச் 16

கடைக்குப் போனேன். அக்கா வாயில் குண்டூசி இல்லை. அதுவே பயமாக இருந்தது.

"எட்டு வருஷமா கடை வெச்சிருக்கேன். ஒரு தையல் பிரிஞ்சு வந்ததில்ல. போர்டை ஏன்டி போட்ட?"

"மரியாதைக்கு அக்கா."

"வந்துச்சு மரியாதை. வண்டி பிடிச்சு வந்துச்சு." கத்தரிக்கோலை டொக்கென்று வைத்தார். "க்ளினிக் மேனேஜர் போன் பண்ணாரு. இருபத்திரண்டு கோட்டு தைக்கச் சொல்லியிருந்தாரே, இப்போ யோசிச்சுச் சொல்றாராம். அந்த மனுஷன் இதுவரைக்கும் எதையும் யோசிச்சதே இல்ல!"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

"எடுத்துடு. போர்டு எங்கேயும் இருக்கக் கூடாது."

போர்டை மட்டும் எடுக்க முடியாது. போட்டி விதி: முடிவு வரும்வரை பதிவில் கை வைத்தால் ஆட்டம் காலி. இதை அக்காவிடம் சொன்னேனா? இல்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 17

இன்னும் எடுக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் நாலு நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள். இலவச விளம்பரம்கூடத்தான். க்ளினிக்காரர் வேறு காரணத்துக்காக யோசிக்கலாம் இல்லையா? ச்சீ. நான் எழுதுறதை எனக்கே படிக்கப் பிடிக்கல.

அண்ணனிடம் கேட்டேன். குட்டையாகாத பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டே சொன்னான்: "உன் டிசைனைப் பாத்து நாலு பேர் சிரிச்சாலே நீ ரெண்டு நாள் சாப்பிட மாட்ட. அவங்களைப் பாத்து நானூறு பேர் சிரிக்கிறான்."

என்றைக்கும் உளறுகிறவன், இன்றைக்குப் பார்த்தா சரியாகப் பேச வேண்டும்?

மார்ச் 18, புதன்

காலை பத்து மணிக்கு அழித்தேன். ஆயிரம் பைகளும் வரிசையாகக் கையாட்டிக்கொண்டு போன மாதிரி இருந்தது. அழுத முகத்தோடு கடைக்கு ஓடினேன், தியாகி மாதிரி.

அக்கா ஒரு கையில் போனும் ஒரு கையில் டீயுமாக, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அழிச்சிட்டேன்."

"எதை?" போனைப் பார்த்தார். இழுத்தார். தட்டினார். "எங்கடி காணோம்? அடிப்பாவி! எல்லாத்தையுமா அழிச்ச?"

நேற்று மாலையே அக்கா சொந்தமாகக் கணக்கு ஆரம்பித்து, என் பதிவுக்குக் கீழேயே அந்தத் தையல்காரர்கள் ஒவ்வொருவருக்கும் பதில் எழுத ஆரம்பித்திருக்கிறார். "ட்ரையல் துணியில தப்பு வராம, பின்ன கஸ்டமர் துணியிலயா வரணும்? எங்கே, உங்க கடை ட்ரையல் துணியைக் காட்டுங்க பாப்போம்." அதற்கு மூவாயிரம் பேர் கைதட்டியிருக்கிறார்கள். கேலி செய்தவர்களில் ஒருவர் தன் கடைத் துண்டைப் படம் எடுத்துப் போட்டு மன்னிப்பே கேட்டாராம். இன்னொருவர் கேட்கிற நிலையில் இருந்தாராம்.

"மூவாயிரம் பேர்டி! என் கல்யாணத்துக்கே அவ்வளவு கூட்டம் வரல!"

எல்லாம் என் பதிவோடு போச்சு. போட்டியும் போச்சு, அக்கா மானத்தைக் காப்பாத்தின பதிலும் போச்சு. ஒரே அழுத்தில் ரெண்டு பேரையும் கவுத்துட்டேன். இப்படி ஒருத்தி எங்கேயாவது இருப்பாளா?

அழுகையோடு இஸ்திரி மேஜையில் சாய்ந்தேன்.

"அங்க சாயாத, சூடு" என்றார் அக்கா. பிறகு, "க்ளினிக்காரர் அந்தப் பதிலைப் பாத்திருப்பாரா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மார்ச் 20

அக்காவே திட்டம் போட்டார். "நான் தைக்கிறேன், நீ பிடி." ட்ரையல் துணியில் ஓட்ட வேண்டும், திருகாணியை முறுக்க வேண்டும், அதே நூலில் ஒரு கோட்டுத் தோள் தைத்து, உள்பக்கத்தைப் புரட்டிக் காட்ட வேண்டும்.

பதினான்கு தடவை எடுத்தோம். கேமராவைப் பார்த்ததும் அக்காவுக்குச் செய்தி வாசிக்கிற குரல் வந்துவிடுகிறது. "வணக்கம். இது கீழ்நூல் ஆகும்." பதினைந்தாவது தடவை நான் ஒயரைத் தடுக்கி மெஷின் பிளக்கையே பிடுங்கிவிட்டேன். என்னைத் திட்ட ஆரம்பித்தவர், திட்டிக்கொண்டே மாட்டி, திட்டிக்கொண்டே தைத்து முடித்துவிட்டார். அதைத்தான் அக்காவின் கணக்கில் போட்டோம்.

மார்ச் 25, புதன்

வீடியோவைப் பார்த்துவிட்டு க்ளினிக் மேனேஜர் நேரில் வந்தார்! நான் கடையில்தான் இருந்தேன். (இப்போதெல்லாம் கடையில்தான் இருக்கிறேன்.) மாதிரிக் கோட்டை எடுத்துத் தோள் தையலை இரண்டு கையாலும் இழுத்தார். பிரியவில்லை. முகம் சிவக்க இழுத்தார்.

"இன்னும் நாலு பேரைக் கூப்பிடவா?" என்றார் அக்கா.

சிரித்துவிட்டார். இருபத்திரண்டும் இங்கேதான் என்றார். அக்கா வாயில் குண்டூசி திரும்பிவிட்டது. வாசல்வரை போனவர் திரும்பி வந்து, வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டார்: "அந்தக் கோணல் மாணல் கோடு... அதைத் துணியா அடிச்சு, பாக்கெட்டுக்கு உள்பக்கம் வைக்க முடியுமா? வெளிய தெரிய வேண்டாம். கை விடும்போது எங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் "முடியும்" என்றேன். துணியில் எப்படி அச்சடிப்பார்கள் என்று எனக்கு ஒரு எழவும் தெரியாது.

மார்ச் 26

தெரிந்துகொண்டேன். ஓரளவு.

ஏப்ரல் 2, வியாழன்

அச்சுக்கடையிலிருந்து மாதிரித் துணி வந்தது. நீலம் அருமை. மஞ்சள் எந்த இடத்திலும் அறுந்து தொங்கவில்லை, நான் பத்து இடத்தில் பார்த்துவிட்டேன். ஆனால் அச்சுக்காரர் பச்சை வளையங்களை நீவி, எல்லாவற்றையும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் வைத்திருந்தார். போன் செய்து கேட்டால், "தப்பா இருந்துச்சும்மா, நானே சரி பண்ணிட்டேன்" என்கிறார் பெருமையாக.

அக்கா போனை என் கையிலிருந்து வாங்கினார். "அது தப்பு இல்லீங்க, அது என் பாபின்! வளையம் ஏழு இருக்கணும், நீங்க ஆறுதான் போட்டிருக்கீங்க. ரெண்டாவது பெருசு, மூணாவது சப்பை. எனக்குத் தெரியாதா? தைச்சவ நான்!"

ஆக, நாளைக் காலைக்குள் நான் ஏழையும் உள்ளது உள்ளபடி வரைந்து அனுப்ப வேண்டும். காக்கித் துண்டைப் பக்கத்தில் விரித்து வைத்திருக்கிறேன். மூன்றாவது வளையம் கைக்கு வரவே மாட்டேன் என்கிறது. வேண்டுமென்றே லூசாக வரைவது இவ்வளவு கஷ்டமா?

சாப்பிடும்போது அம்மா, "உன் பை என்னாச்சு?" என்றாள். எந்தப் பை என்று கேட்டேன். போட்டி முடிவு முந்தாநாளே வந்திருக்கும். யார் என்று இன்னும் பார்க்கவில்லை. இந்த மூன்றாவதை முடித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

சப்பை போதவில்லை. இன்னும் கொஞ்சம்.