டம்ளரில் உடைத்த முட்டை

பிரஸ்ஸல்ஸ்,
ஜூன் 1945

அன்பு மகன் ஹெர்ஷலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சுகமாக இருக்கிறோம், அங்கே புவனோஸ் அயர்ஸில் நீயும் மாமாவும் அதுபோலவே இருக்கவேண்டும். 'நாங்கள்' என்று எழுதியிருக்கிறேன், கவனித்தாயா? போன கடிதம் வரைக்கும் 'நான்' என்றுதான் எழுதினேன். உன் தங்கை கித்லா உயிரோடு இருக்கிறாள்! எனக்கு எதிரே உட்கார்ந்து ரொட்டியில் ஜாம் தடவித் தின்றுகொண்டிருக்கிறாள், மேஜையெல்லாம் ஒரே பிசுக்கு, நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. முதலில் ஒரு பாட்டம் அழுது முடித்துவிட்டு மீதியைப் படி.

யூதப் பிள்ளை என்று ஜெர்மன்காரன் பிடிக்காமலிருக்க அவளை ஒளித்துவைத்தவர்கள், எந்த இடம் என்று பெற்றவளுக்குக்கூடச் சொல்லவில்லை. பிடிபட்டால் அடி தாங்காமல் உளறிவிடுவேன் என்ற பயம், நியாயம்தான். ஜெர்மன்காரன் ஓடிய பிறகும் விசாரித்து விசாரித்துப் போன மாதம்தான் தெரிந்தது, ஆர்தென் மலைப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒர்தான்ஸ் என்கிற அம்மாளின் சாப்பாட்டு விடுதியில் இருக்கிறாள் என்று. அடித்துப் பிடித்துக்கொண்டு போனேன். போனால், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க யாருங்க? என் பேரு போலெட். எங்க அம்மா குண்டு விழுந்து செத்துட்டாங்க" என்கிறாள். நம் யித்திஷ் பாஷையில் பேசிப் பார்த்தேன். "அது என்ன பாஷைங்க, எனக்குப் புரியல" என்கிறாள். ஒர்தான்ஸ் அம்மாளும், "அடி பைத்தியமே, சண்டை முடிஞ்சுபோச்சு, இது உங்க அம்மாதாண்டி" என்று கெஞ்சிப் பார்த்தாள். ம்ஹூம், உன் அப்பாவின் பிடிவாதம் அப்படியே. அம்மா என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தாலும் ஒத்துக்கொள்ளாதே என்று அனுப்பும்போது படித்துப் படித்துச் சொன்னவளே நான்தான். சொன்னபடி நடக்கிறாளே என்று சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? நானும் முடி நரைத்துப் பாதி உடம்பாகிவிட்டேன், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. என்னோடு வராமலே இருந்துவிடுவாளோ என்று பயந்துவிட்டேன்.

சும்மா உட்கார என்னால் முடியுமா, ஆம்லெட் போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனேன். நம் வீட்டு வழக்கப்படி முதல் முட்டையைக் கண்ணாடி டம்ளரில் உடைத்து, நமக்கு ஆகாத ரத்தப் பொட்டு இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். நினைத்துச் செய்யவில்லை, கை பாட்டுக்குச் செய்தது. மூலையில் நின்றிருந்த பிள்ளை பாய்ந்துவந்து என் கையைக் கீழே இழுத்தாள், டம்ளர் சாய்ந்து முட்டையெல்லாம் என் பாவாடையில். காதோடு காதாக, நம் பாஷையில், "அம்மா, டம்ளரைக் கீழ வையி, யாராச்சும் பாத்துடப் போறாங்க" என்றாள். ஹெர்ஷல், அவள் அம்மா என்றாளடா! அந்தப் பாவாடையோடு அவளைக் கட்டிக்கொண்டு நான் அழுத அழுகையில், ஒர்தான்ஸ் அம்மாளும் வெங்காயம் நறுக்காமலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் அந்த அம்மாள் விஷயத்தைச் சொன்னாள். கித்லா அங்கே போன புதிதில், எட்டு வயது, ஜெர்மன் சிப்பாய்கள் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது முட்டையை இப்படியே டம்ளரில் உடைத்துப் பார்த்திருக்கிறாள். முட்டை கொண்டுவந்த வியாபாரி, ஆட்களைக் காட்டிக்கொடுத்துக் காசு வாங்குகிற பேர்வழி, "ஏ பாப்பா, யூதப் பொம்பளைங்கதான் இப்படிப் பாப்பாங்க, உனக்கு யாரு கத்துக்கொடுத்தா?" என்று சிப்பாய்கள் காதில் விழும்படி கேட்டிருக்கிறான். ஒர்தான்ஸ் அம்மாளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லையாம். நம் பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீங்கதான் கத்துக்கொடுத்தீங்க. போன தடவை நீங்க குடுத்ததுல பாதி கூமுட்டை. இந்த ஐயாமாருக்கு வயித்தால போனா நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?" என்றாளாம். சிப்பாய்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். ஒருவன் எழுந்து, கூடையிலிருந்த முட்டையையெல்லாம் ஒவ்வொன்றாக டம்ளரில் உடைத்துக் காட்டச் சொல்லி அந்த வியாபாரியை நிற்கவைத்துவிட்டான். அந்த ஆள் அப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. எல்லாரும் போன பிறகு கித்லா மாட்டுக் கொட்டகைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து தட்டுகளைக் கழுவினாளாம். எவ்வளவு பெரிய படையோடு வந்தார்கள், என் பெண்ணிடம் அவர்கள் பாச்சா பலிக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை, மாடி வீடு, கீழ் வீடு எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது.

உன் அப்பாவைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை. அவரைப் பிடித்து ஏற்றிய, போலந்துப் பக்கம் போன ரயில்களில் போனவர்கள் ஒருவர் இருவர் திரும்பி வருகிறார்கள், போய்ப் போய்க் கேட்கிறேன். நீ மனதைத் தளரவிடாதே. அங்கே இப்போது குளிர்காலமாமே, கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே, உன் நெஞ்சு சளி எனக்குத் தெரியும். கித்லாவின் அண்ணன் என்ற முறையில் ஒர்தான்ஸ் அம்மாளுக்கு நாலு வரி எழுது, முடிந்தால் நல்ல காபித்தூள் அனுப்பு, மறந்துவிடாதே. கித்லாவைப் பற்றி ஒரே ஒரு கவலைதான். வீட்டுக்குள் கலகலவென்று பேசுகிறாள், வெளியே யாராவது பெயர் கேட்டால் இன்னமும் போலெட் என்கிறாள். டிராமிலும் அப்படித்தான், பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோதும் அப்படித்தான். நான் வற்புறுத்தவில்லை.

கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், நாம் மூவரும், அவர் மனம் வைத்தால் நால்வரும், ஒரே மேஜையில் உட்காரும் நாள் வரட்டும். இதோ, தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறாள். கீழே உன் பெயரையும் போடட்டுமா என்று கேட்டேன். "எந்தப் பேரு?" என்று கதவைப் பார்த்தாள். உன் இஷ்டம் என்றேன். இப்போது "தள்ளு, நானே போடுறேன்" என்று பேனாவைப் பிடுங்குகிறாள்.

உன் அம்மா
ஃப்ரெய்டல்

கித்லா வைன்ட்ராப்