மீன் கலையும் என்று பொத்திய வாய்

என் பாசமுள்ள நைனாவுக்கு,

பாசம் என்ற சொல்லை எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். நீ செத்து நாலு வருஷம் ஆகிறது. உன்மேல் கோபமும் ஆறவில்லை, பாசமும் போய்த் தொலையவில்லை.

போன மாதம் சென்னையில் ஒரு தொண்டை டாக்டரம்மாவைப் பார்த்தேன். மூக்கு வழியாகக் குழாய் விட்டு என் குரல் நாண்களைத் திரையில் காட்டினார். பிறக்கும்போது அந்தச் சதை அடுக்கில்லாமல் ஒரே மாதிரி இருக்குமாம். குழந்தை அழுது, கத்தி, பேசப் பேசத்தான் அதில் அடுக்குகள் உருவாகுமாம். "சின்ன வயசுல அழாமலே வளந்தீங்களா?" என்று கேட்டார். "அழ வுடல மேடம்" என்றேன். என் காற்றுக் குரல் இரண்டாம் முறை சொன்னபோதுதான் அவருக்குக் கேட்டது. "அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இருக்கலாம்" என்றார்.

ஞாபகம் இருக்கிறதா நைனா? என்னைப் பெற்றதும் அம்மா போய்ச் சேர்ந்தாள். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் என்னையும் படகில் போட்டுக்கொண்டு ஏரிக்குப் போவாய். நான் அழுதால் மீன் கலைந்துவிடும் என்று துண்டை வாயில் திணிப்பாயாம். இதைக் குப்பத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். வளர்ந்த பிறகு நடந்தது எனக்கே தெரியும். "சத்தம் வந்துச்சு, ஏரில தூக்கிப் போட்டுடுவேன்" என்று சொல்லிச் சொல்லிப் படகு தள்ளும் கழியால் முதுகில் போடுவாய். கத்துவது எப்படி என்றே எனக்குத் தெரியாமல் போனது.

பிறகு அந்தக் காலை. அன்று பாடு நமக்கில்லை. வலை போடும் முறை பக்கத்துக் குப்பத்துக்கு. யார் சொல்லியும் கேட்காமல் நீ போட்டாய். நான் கரையில் நண்டு பிரித்துக்கொண்டிருந்தேன். உன் முதுகுக்குப் பின்னால் மூன்று பேர் முழங்கால் தண்ணீரில் கழியோடு வந்தார்கள். கூப்பிடு தூரம்தான். "நைனா" என்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மறுபடியும் திறந்தேன். உன் பின்மண்டையில் விழுந்த அடி எனக்குக் கேட்டது. நான் ஓடி வருவதற்குள் இன்னும் இரண்டு அடி. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே என் மடியில் ரத்தமாகக் கொட்டிச் செத்தாய்.

உன்னைக் கொன்றது அவர்களா, நானா, நீயேவா?

இப்போது உனக்குப் பத்து மாதத்தில் ஒரு பேத்தி இருக்கிறாள். சரியான பிடிவாதக்காரி. போன வாரம் நானும் வீட்டுக்காரரும் அவளைப் படகில் கூட்டிப்போனோம். வலை இழுக்கும் நேரத்தில் அழ ஆரம்பித்தாள். "இன்னாம்மே, மீன் கலையுது, வாயப் பொத்து" என்றார். நான் அசையவில்லை. அவரே கையைக் கொண்டுவந்து பொத்தினார். அந்தக் கையைக் கடித்தேன் நைனா. ரத்தம் வரும்வரை விடவில்லை.

"பைத்தியமாடி உனுக்கு?" என்று கையை ஓங்கினார்.

"அடிய்யா. பாப்பா வாயத் தொட்டேன்னா கொன்னுடுவேன்."

என் குரல் வழக்கம்போலக் காற்றுதான். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, ஓங்கிய கையை இறக்கிவிட்டார். பாப்பா விடாமல் அலறினாள். தூரத்துப் படகுகளில் இருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மீன் போனால் போகட்டும். என் உயிர் இருக்கும்வரை இவள் வாயை எவன் கையும் பொத்தாது. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. உன்னைப் போல ஒருத்தன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும், இவள் ஒரே கூப்பாட்டில் அவனைத் திரும்பிப் பார்க்க வைப்பாள்.

இப்படிக்கு,
நீ திரும்பிப் பார்க்காத உன் மகள்
அஞ்சலை