வெள்ளைக் கதிரில் மஞ்சள் மணிகள்

ஹட் பே
8.4.2018

அன்பு மகன் அருண்பிரசாத்துக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் ரூபாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் பேனா ஓடவில்லை. போன வாரம் நீ இரண்டு தடவை போன் செய்தாய், அப்பா எடுத்து டவர் இல்லை என்று வைத்துவிட்டார். டவர் இருந்தது அய்யா. போனை வைத்ததும் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். நானும் போனில் சொல்ல முயன்றால் அழுதுவிடுவேன், நீ கடையில் நிற்கும்போது கேட்க வேண்டிய சங்கதியும் இல்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தனியாக இருக்கும்போது படி.

டிசம்பரில் நம் ஊர்ப் பையன் உதயா கப்பலில் ஊருக்கு வந்தபோது அவனிடம் நீ வேலை பார்க்கும் உரக்கடையிலிருந்து ஒரு கிலோ மக்காச்சோள விதையும் களைக்கொல்லி பாட்டில் ஒன்றும் கொடுத்து அனுப்பினாய் அல்லவா. அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு குனிய முடியவில்லை என்று நான் சொன்னதைக் கேட்டுத்தான் அனுப்பினாய், அது எனக்குத் தெரியும். இந்த மருந்தை அடித்தால் புல் மட்டும் சாகும், பயிர் நிற்கும், அப்பா இனிக் களை பறிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தாய். பாக்கெட்டில் பேரும் இல்லை ஊரும் இல்லை. விதையெல்லாம் ரோஸ் கலரில் மருந்து பூசி இருந்தது. நம் இயற்கை விவசாயக் குழுவில் மருந்து போட்ட விதையே கூடாது என்று அப்பாவுக்குத் தெரியாதா, பன்னிரண்டு குடும்பமும் சேர்ந்து கையெழுத்துப் போட்டதில் அவருடையதும் இருக்கிறது. வாளியில் போட்டு அந்த விதையைக் கழுவினார், தண்ணீர் சிவப்பாகப் போனது. கழுவினால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். ஒரு மூலையில் கொஞ்சம்தானே என்றார். முந்தின நாள்தான் களை பறித்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் வரப்பிலேயே கிடந்தார், நான் போய்த் தூக்கினேன். அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன். அவர் குற்றத்தில் பாதி என்னுடையது.

அப்பா விதைத்த அந்த மூலைக்கு அடுத்த நிலம் வேலாயி அத்தையுடையது. அவளுடைய வெள்ளை மக்காச்சோளத்தின் கதை உனக்குப் பாதிதான் தெரியும், சுனாமி வந்த வருடம் நீ ஊரில் இல்லை. அவள் புருஷன் சிவஞானம் மாமா அவர்கள் வீட்டுக் கூரையை மாற்றுவதற்காக விதைக்கதிர்களை எல்லாம் கொண்டுவந்து நம் அடுப்புக்கு மேலே கட்டிவிட்டுப் போனார், அது சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கப்பல் ஜெட்டி பக்கம் போனவர் திரும்பவில்லை. வீடும் போய்விட்டது. நம் வீடு மேட்டில் இருந்ததால் அந்தக் கதிர்கள் மட்டும் மிஞ்சின. நிலமெல்லாம் உப்பு ஏறிக் கிடந்தது, இரண்டு மழை கழுவின பிறகுதான் வேலாயி அதில் ஒரு பிடி எடுத்துப் போட்டுப் பார்த்தாள், முளைத்தது. அன்றிலிருந்து வருடம் தவறாமல் தானே கதிர் பொறுக்கி, தானே விதை எடுத்து வைப்பாள், வேறு யாரையும் தொட விடமாட்டாள். குழுவில் எல்லோரும் போடுவது அவள் கொடுத்த விதைதான்.

பிப்ரவரியில் இரண்டு நிலத்திலும் ஒரே நேரத்தில் பூ வந்தது. காற்று நம் பக்கத்திலிருந்து அவள் பக்கம் அடித்தது. பூந்தூள் மஞ்சளாகப் பறந்ததை நானே பார்த்தேன், எதுவும் தோன்றவில்லை. மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள் காலையில் வேலாயி ஒரு கதிரை உரித்துக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். வெள்ளை மணிகளுக்கு நடுவே அங்கங்கே மஞ்சள் மணி. “அண்ணி, இது என்னா பீமாரி, புது நோயா? பதிமூணு வருசத்துல நான் பாத்ததே இல்ல” என்று கேட்டாள். நம் மூலையில் நின்ற கதிரெல்லாம் மஞ்சள் என்பது எனக்கு அப்போதே உறைத்தது. தெரியவில்லையே என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்த வாரமே போர்ட் பிளேரிலிருந்து குழுவின் சான்றுக்காக ஜெயலட்சுமி என்ற பெண் நிலம் பார்க்க வந்தது. அப்பா களைக்கொல்லி அடித்த நம் மூலையில் புல் எல்லாம் கருகிக் கிடக்க மக்காச்சோளம் மட்டும் பச்சையாக நிற்பதைக் கண்டதும் அது நின்றுவிட்டது. ஓர் இலையைக் கசக்கித் தண்ணீரில் போட்டு ஒரு காகிதப் பட்டையை நனைத்தது, இரண்டு கோடு வந்தது. வேலாயியின் மஞ்சள் மணிகளை இடித்துப் பார்த்தது, அதிலும் இரண்டு கோடு. இது மரபணு மாற்றின விதை, இந்த நாட்டில் விற்கவோ விதைக்கவோ யாருக்கும் அனுமதி இல்லை என்று சொன்னது. மஞ்சள் மணியைப் பொறுக்கிவிட்டு வெள்ளையை வைத்துக்கொள்ளலாமா என்று வேலாயி கேட்டாள். கண்ணுக்குத் தெரிகிறதைப் பொறுக்கலாம் அக்கா, தெரியாததை எப்படிப் பொறுக்குவது, அங்கொன்றும் இங்கொன்றும் தங்கிவிட்டால் வருடா வருடம் பரவும் என்று அந்தப் பெண் மெதுவாகத்தான் சொன்னது. அந்தப் பெண்ணுக்கும் கண் கலங்கிவிட்டது. குழுவுக்கே சான்று நின்றுபோனது. இனி முதலிலிருந்து தொடங்கி மூன்று வருடம் ஆகுமாம். நம்மிடம் வாங்கிக்கொண்டிருந்த ஹோட்டல்காரர் அடுத்த கப்பலுக்குச் சரக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கூட்டம் போட்டார்கள். பெங்காலி வீட்டார், தெலுங்கு வீட்டார் எல்லோரும் இருந்ததால் ஹிந்தியில்தான் பேச்சு. யாரும் அப்பாவைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். விதை எங்கே கிடைத்தது என்று மட்டும் கேட்டார்கள். மெயின்லேண்டில் ஒரு கடையில் நானே சொல்லி வரவழைத்தேன் என்றார். உன் பெயர் அவர் வாயில் வரவில்லை. கூட்டம் முடிந்ததும் வேலாயியின் பின்னாலேயே போய் நின்றார், என்னை மன்னிச்சிரு தாயி என்றார். அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு, “அண்ணே, கடலு எடுத்தப்ப யாரப் போய்க் கேக்குறதுன்னு இருந்திச்சு. இப்ப கேக்க நீங்க இருக்கீங்க. ஆனா என்னான்னு கேக்க?” என்றாள். மறுநாள் அவளே இறங்கித் தன் பயிரை முழுதும் வேரோடு பிடுங்கினாள், கதிரோடு. நானும் அப்பாவும் உதவிக்குப் போனோம், வேண்டாம் என்று கையால் காட்டினாள். நாங்கள் எங்கள் மூலையைப் பிடுங்கிக்கொண்டு இந்தப் பக்கம் நின்றோம். எல்லாவற்றையும் குவித்து எரித்தாள், பச்சையாக இருந்ததால் இரண்டு நாள் புகைந்துகொண்டே கிடந்தது.

பழைய விதை எங்காவது இருக்கும் என்று தேடாமல் இல்லை. குழுவில் எல்லோரும் இருந்ததை விதைத்துவிட்டார்கள், அவர்கள் நிலமும் சுற்றிச் சுற்றிப் பக்கத்தில்தான் இருக்கிறது, யாருக்கும் இப்போது நம்பிக்கை இல்லை. வேலாயியின் மகள் நீலாவதி கல்யாணமாகி திக்லிப்பூர் போனபோது ஒரு பாட்டில் விதை கொண்டுபோனது ஞாபகம் வந்து போன் போட்டோம். வண்டு விழுந்துவிட்டது என்று போன மழையிலேயே கோழிக்குப் போட்டுவிட்டதாம். அதுவும் அந்தப் பக்கம் அழுதது.

அப்பா நிலத்துப் பக்கமே போவதில்லை. ராத்திரி தூக்கமும் சரியில்லை. அருணுக்குச் சொல்லாதே, பிள்ளை நல்லது என்று செய்தது, அங்கே தனியாக உட்கார்ந்து குமைவான் என்று என்னைத் தடுத்தார். நானும் சொல்லாமல் விட்டிருப்பேன். ஆனால் நேற்று வேலாயி வந்தாள், அவளே வந்தாள், வராமல் இருந்திருக்கலாம். முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “அருணு லீவுக்கு எப்ப வாரான்? மக்கா மாவுன்னா உசுரா தின்னுவானே, இந்தத் தடவ குடுத்துவிட ஒண்ணும் இல்லாமப் போச்சே அண்ணி” என்றாள். அவளுக்குத் தெரியாது ராசா. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போய்விட்டேன்.

நான் அவளிடம் சொல்லப் போவதில்லை, அப்பாவும் சொல்ல மாட்டார். நீதான் வந்து சொல்ல வேண்டும். போனில் வேண்டாம், லெட்டரிலும் வேண்டாம், நேரில் அவள் எதிரில் உட்கார்ந்து சொல். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள். அதற்கு முன்னால் உன் கடையில் அந்தப் பாக்கெட் இன்னும் இருந்தால் அதை விற்காதே. முதலாளி கோபித்தால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம், அங்கே வாங்கிப்போகிறவர் நிலத்துக்குப் பக்கத்திலும் யாரோ ஒருத்தி இருப்பாள்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, இருந்தால் இவ்வளவு நீளம் எழுதமாட்டேன். கப்பல் டிக்கெட் கிடைத்ததும் அப்பாவுக்கு ஒரு போன் போடு, விதையைப் பற்றி எதுவும் பேசாதே, வருகிறேன் என்று மட்டும் சொல். ரூபாவை வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகவிடாதே. நீங்கள் இருவரும் தலை நிமிர்ந்து, மனம் சுத்தமாக, பிள்ளைகுட்டிகளோடு நீடூழி வாழ வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா
ப. அங்கம்மா