ஆறும் ஒண்ணும்

வாலிகண்டபுரம்
3-2-1983

அன்பு மகன் செல்லப்பன் நீண்ட ஆயுசோடு சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மா எழுதுவது. பிலாயில் குளிர் அதிகமாமே, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. உன் அப்பாவுக்கு இழுப்பு விட்டபாடில்லை, கட்டிலோடு கிடக்கிறார்.

உன் தங்கச்சி பூங்காவனத்துக்கு மூளை மந்தம் என்று ஒன்றாம் வகுப்பிலேயே ஹெட்மாஸ்டர் சொல்லி, பெரம்பலூரில் ஒரு ஆபீசரிடம் புத்திப் பரீட்சைக்கு அனுப்பினார். வாயால் கேட்கிற பரீட்சை. எண்ணச் சொன்னதற்கு இவள் ஆறு, ஆறும் ஒண்ணும், எட்டு என்றாளாம், எண்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் பாதியில் வாயை மூடிக்கொண்டாளாம். புத்தி அளவு நூறு இருக்க வேண்டுமாம், இவளுக்கு அறுபத்திரண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மனசு கேட்காமல் அரியலூரில் ஒரு டீச்சரம்மாவிடம் கூட்டிப் போனேன், அந்தம்மா பேச்சே இல்லாமல் கலர் கட்டைகளைக் கொடுத்துப் படத்தைப் பார்த்து அடுக்கச் சொன்னார், மளமளவென்று அடுக்கிவிட்டாள், நூற்றிரண்டு வந்தது. ஒரே பிள்ளைக்கு ஒரே மாதத்தில் இரண்டு புத்தியா, நீயே சொல். ஆனால் பெரம்பலூர் காகிதம்தான் செல்லுமாம். பதினாறாம் தேதி அதே ஆபீசர் மறுபடி கேட்பார், அதிலும் தவறினால் திருச்சியில் மந்தப் பிள்ளைகள் விடுதிக்கு அனுப்ப அப்பா கையெழுத்துப் போட்டாயிற்று.

எல்லாம் என்னால் வந்த வினை. உன் அப்பா பெயரில் இருக்கிறதே என்று 7-ஐ நான் வாயால் சொன்னதில்லை, புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அவளிடமும் சொல்லி வைத்தேன். உன் அப்பாவோ, சொல்லித் தொலைடி, நான் ஒண்ணும் செத்துட மாட்டேன் என்று கத்துகிறார். நேற்று சாமியைக் கும்பிட்டு அவளை எதிரில் உட்கார வைத்து அந்த எண்ணைச் சொல்லியே விட்டேன். பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். எனக்கும் தெரியும்மா, சொன்னா அப்பாவுக்கு மூச்சு நின்னுடும் என்று ஒரே அழுகை. தெரிந்தே சொல்லாமல் இருந்திருக்கிறாள், பாவி மகள்! இதை எந்த ஆபீசரிடம் போய்ச் சொல்வேன்? இன்று காலையில் உன் அப்பாவுக்கு இழுப்பு கூடிவிட்டது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அவள் என்னையே பார்க்கிறாள். எனக்கும் பயமாக இருக்கிறதடா.

வாலீசுவரர் உனக்குத் துணை இருப்பார், வேளைக்குச் சாப்பிடு. பதினாறுக்குள் தங்கச்சி பெயருக்குத் தனியாக ஒரு கார்டு போடு, அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது என்று எழுது. என்னை அவள் இனி நம்பமாட்டாள்.

உன் அம்மா
சுந்தராம்பாள்