நீக்கச் சொன்ன சரணம்

1942 டிசம்பர் 26, சனிக்கிழமை

இன்று சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச் மைதானத்தில் எங்கள் சபையாரின் கிறிஸ்துமஸ் பாட்டு நாடகம். திரைக்குப் பின்னால் சேர்ந்து பாடும் ஒன்பது பெண்களில் என் குரல்தான் முந்தி நிற்கும். அதில் எனக்குப் பெருமை. அதுவே வினையாகிவிட்டது.

பாட்டு எழுதியவன் பள்ளி வாத்தியாரான என் மகன் சாமுவேல். அயலான் ஆட்சி ஒழிய வேண்டும் என்று வரும் இரண்டாம் சரணத்தைப் போலீசார் நேற்று நீக்கச் சொன்னார்கள். பாடமாட்டோம் என்று அவன் எழுதிக் கையெழுத்தும் போட்டான். ஆனால் ஒரு மாதம் பாடிப் பழகிய வாய். நான் கண்ணை மூடித்தான் பாடுவேன். மற்றவர்கள் மூன்றாம் சரணத்துக்குப் போக, நான் மட்டும் இரண்டாவதைப் பாடிவிட்டேன்.

பக்கத்தில் நின்ற மரியாள் இடுப்பில் கிள்ளினாள். "யக்கா, ராசபாளையத்துக்கே கேட்டிருக்கும்."

நாடகம் முடிந்ததும் ஏட்டு மேடைக்கு வந்தார். "பாடினது யாரு வாத்தியாரே?"

"நான்தான் பாடச் சொன்னேன்" என்றான் சாமுவேல்.

"அப்போ காலையில ஸ்டேஷனுக்கு வாரும். மாத்துத் துணியும் எடுத்துக்கிடும்."

நான் திரைக்குப் பின்னால்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவன் மாற்றுத் துணியை எடுத்து வைத்தான். பிள்ளைகள் நடுவில் படுத்திருக்கிறான்.

காலையில் அவனுக்கு முன்னால் நான் ஸ்டேஷனுக்குப் போய், பாடியது நான்தான் என்று சொல்லிவிட வேண்டும். ஏட்டு நம்பாவிட்டால் அங்கேயே பாடிக் காட்டலாம் என்று, இப்போது மெதுவாகப் பாடிப் பார்த்தேன். முதல் வரிக்கே குரல் எழும்பவில்லை.